வந்தவர்கள் சேர்த்துவைத்த ஜோடிகள்

ஒன்பதாம் வகுப்பில் என் ஆங்கிலக் கட்டுரை நோட்டில் ‘ஐ டிட் எ மிஸ்டேக்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். டீச்சர் ‘டிட்’டைச் சிவப்பு மையால் அடித்து, அதன் தலைக்கு மேல் ‘மேட்’ என்று எழுதித் தந்தார். எனக்கு விளங்கவில்லை. தவறு செய்தேன், செய் என்றால் டூ, இதில் என்ன பிழை? அதே பக்கத்தில் நாலு வரி தள்ளி ‘ஐ டிட் மை ஹோம்வொர்க்’ என்று இருந்ததை அவர் தொடவே இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். “வீட்டுப்பாடத்துக்கு டூ, தப்புக்கு மேக். அது அப்படித்தான். மனப்பாடம் பண்ணிக்கோ” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ‘அப்படித்தான்’ எங்கே பிறந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. முடிவெடுத்தால் மேக் எ டிசிஷன், போட்டோ எடுத்தால் டேக் எ போட்டோ. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘எடு’. கனவு கண்டால் ஹேவ் எ ட்ரீம், மாத்திரை சாப்பிட்டால் டேக் எ டேப்லெட். காண்பதும் இல்லை, சாப்பிடுவதும் இல்லை. இந்த ஜோடிகளை யார் சேர்த்துவைத்தார்கள்? இப்படி ஜோடிகள் இருக்கின்றன என்பதை முதலில் யார் கவனித்து எழுதிவைத்தார்கள்? இரண்டு கேள்விக்கும் எனக்குக் கிடைத்த விடை ஒன்றுதான்: வெளியிலிருந்து வந்தவர்கள்.

‘போடு’ என்ற சுமைதூக்கி

வெளிநாட்டிலிருந்து வந்து தமிழ் படித்துக்கொண்டிருந்த ஒருவரோடு சில மாதம் பழகினேன். ஒரு நாள் அவர், “நான் டீ செய்தேன், பேப்பரில் கையெழுத்து செய்தேன்” என்றார். “டீ போட்டேன், கையெழுத்துப் போட்டேன்” என்று திருத்தினேன். “போடு என்றால் கீழே போடுவது இல்லையா?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கண் திறந்து பார்த்தேன்.

வாசலில் கோலம் போடுகிறோம். சட்டை போடுகிறோம். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறோம். தேர்தலில் ஓட்டுப் போடுகிறோம். சண்டை போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடுகிறோம். ‘அடி’யும் இப்படித்தான்: வெயில் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, மணி அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். கொட்டாவிக்கும் பெருமூச்சுக்கும் பள்ளி லீவுக்கும் ‘விடு’. பிறந்ததிலிருந்து பேசுகிறவனுக்கு இது எதுவுமே கண்ணில் படுவதில்லை. புதிதாகப் பேச வருகிறவர் தடுக்கி விழும்போதுதான் அங்கே ஒரு படி இருப்பது நமக்கே தெரிகிறது.

இந்த ஜோடிகளில் பொருளைத் தருவது பெயர்ச்சொல். வினையின் வேலை அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது: யார், எப்போது, ஒருமையா பன்மையா என்பதை வினையின் வடிவம் சொல்லிவிடும். டென்மார்க்கைச் சேர்ந்த மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன், 1942இல் வெளிவந்த தம் ஆங்கில இலக்கண நூலின் ஆறாம் தொகுதியில் இத்தகைய ஆங்கில வினைகளை ‘லைட் வெர்ப்’ என்று அழைத்தார். எடை குறைந்த வினை என்று பொருள். ஹேவ், டேக், மேக், டூ, கிவ் ஆகியவை அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளைகள். எடை குறைவு என்பது பொருளில்தான். அன்றாடப் பேச்சில் இவை தூக்காத சுமை கிடையாது.

இரண்டு படையெடுப்புகளின் மிச்சம்

ஆங்கிலத்தில் நாம் அதிகம் புழங்கும் ‘டேக்’, பிறப்பால் ஆங்கிலச் சொல் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் டேனியர்கள் படையோடு வந்து, இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துக் குடியேறினார்கள். அவர்கள் பேசிய நார்ஸ் மொழியில் எடுப்பதற்கு ‘டாகா’ என்று பெயர். அப்போதைய ஆங்கிலத்தில் அதற்கு ‘நிமன்’ என்ற சொந்தச் சொல் இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்து, சந்தையில் பேரம் பேசி, பெண் கொடுத்துப் பெண் எடுத்த சில நூற்றாண்டுகளில் டாகா வேரூன்றி ‘டேக்’ ஆனது. நிமன் பட்டுப்போனது. மரத்துப்போனதைக் குறிக்கும் ‘நம்ப்’ என்ற சொல்லில் மட்டும் அதன் எலும்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. உணர்வு எடுக்கப்பட்டது என்பதே அதன் பழைய பொருள்.

1066இல் அடுத்த அலை வந்தது. நார்மன்கள் நாட்டைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் சில நூற்றாண்டுகள் பிரெஞ்சு கோலோச்சியது. சாய்ஸ், நாய்ஸ், ஜர்னி, எஃபர்ட், அட்வைஸ், பீஸ் என்று பிரெஞ்சுப் பெயர்ச்சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. பிரெஞ்சு வினைகளும் வந்தன என்றாலும், வேற்றுமொழிச் சொல் ஒரு மொழிக்குள் நுழைய மிக எளிய வாசல் பெயர்ச்சொல்தான்.

அந்த வாசல் நமக்கு நன்றாகத் தெரியும். போன், டெலீட், அட்ஜஸ்ட், மிஸ் என்று எந்தச் சொல் வந்தாலும் நாம் திண்டாடுவதில்லை. பக்கத்தில் ஒரு ‘பண்ணு’வை வைத்துவிடுகிறோம். போன் பண்ணு, டெலீட் பண்ணு, மிஸ் பண்ணிட்டேன். ஆங்கிலத்தில் வினையாக இருக்கும் சொல்லைக்கூட நாம் பெயர் போல நிறுத்தி, அதை நம் வினையின் தோளில் ஏற்றிவிடுகிறோம். ஜப்பானியர் ‘சுரு’ என்ற தங்கள் வினையை வைத்துச் செய்வதும் இதைத்தான். அன்றைய ஆங்கிலேயர்களும் வந்து இறங்கிய பெயர்களைத் தங்களிடம் இருந்த சிறிய வினைகளின் தோளில் ஏற்றினார்கள். மேக் எ நாய்ஸ், மேக் எ ஜர்னி, மேக் அன் எஃபர்ட், டேக் அட்வைஸ் எல்லாம் அப்படி அமைந்தவை. பிரெஞ்சில் ‘பங்கு எடு’ என்று சொல்வது போலவே ஆங்கிலத்திலும் டேக் பார்ட். பிரெஞ்சில் ‘சமாதானம் செய்’ என்பதற்கு இணையாக மேக் பீஸ்.

இப்போது என் நோட்டில் இருந்த வரியைப் பாருங்கள். ‘மேக்’ ஆங்கிலத்தின் பழைய சொத்து. ‘மிஸ்டேக்’ நார்ஸ் மொழியின் ‘மிஸ்டாகா’விலிருந்து வந்தது, தவறாக எடுத்துக்கொள்வது என்று பொருள். ஆக, மேக் எ மிஸ்டேக் என்பது மண்ணின் சொல்லும் கடல் கடந்து வந்த சொல்லும் செய்துகொண்ட கல்யாணம். நான் தவறாக எடுத்துக்கொண்ட அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு ‘டேக்’ இருந்திருக்கிறது.

மேக் எங்கே, டூ எங்கே என்பதற்கு ஓரளவு வழிகாட்டும் ஒரு கைவிளக்கும் உண்டு. முன்பு இல்லாத ஒன்று நம் செயலால் உண்டானால் பெரும்பாலும் மேக். சத்தம், முடிவு, தவறு மூன்றும் நாம் உண்டாக்கும்வரை இல்லாதவை. முன்பே நமக்கு விதிக்கப்பட்ட வேலையை முடித்தால் டூ. வீட்டுப்பாடம், வீட்டு வேலை, கடமை எல்லாம் நமக்காகக் காத்துக்கொண்டிருப்பவை. இந்த விளக்கு பாதித் தூரம் வரும். படுக்கையை ஒழுங்குபடுத்தினால் மேக் த பெட், வியாபாரம் செய்தால் டூ பிசினஸ் என்று வரும்போது அணைந்துவிடும். அதற்கு அப்பால் வழக்கம்தான் விளக்கு.

ஒரு பார்வை பார்த்துவிட்டு

‘லுக்’ என்ற வினை ஏற்கெனவே இருக்கும்போது ‘டேக் எ லுக்’ எதற்கு? ‘சூஸ்’ இருக்கும்போது ‘மேக் எ சாய்ஸ்’ எதற்கு? தமிழ்க் காதுக்கு இது உடனே புரியும். ‘தூங்கினேன்’ என்பதும் ‘ஒரு தூக்கம் போட்டேன்’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது செய்தி. இரண்டாவதில் அந்தத் தூக்கத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வந்துவிடுகிறது. பார்த்தேன் என்பதற்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தேன் என்பதற்கும் உள்ள தூரமும் அதுவே.

செயலைப் பெயராக்கிவிட்டால் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கலாம், எண்ணலாம், அடைமொழி சூட்டலாம். ‘ஐ டுக் எ க்விக் லுக்’ என்றால் சட்டென்று ஒரு பார்வை. ‘ஷி கேவ் மீ டூ குட் சஜெஷன்ஸ்’ என்றால் இரண்டு நல்ல யோசனைகள். வினையை மட்டும் வைத்துக்கொண்டு ‘இரண்டு’, ‘நல்ல’ என்பதை எல்லாம் இவ்வளவு சுலபமாக ஒட்டவைக்க முடியாது. அதனால்தான் இந்தக் கட்டமைப்பு ஆங்கிலப் பேச்சில் வேரூன்றி நிலைத்தது.

தமிழில் சில ஜோடிகள் இன்னும் ஒரு படி மேலே போய் ஒரே உடலாகிவிட்டன. விளையாடு, நீராடு, வேட்டையாடு, மன்றாடு, கொண்டாடு ஆகியவற்றில் ‘ஆடு’ ஒட்டிக்கொண்டது. கவலைப்படு, ஆசைப்படு, வெட்கப்படு ஆகியவற்றில் ‘படு’ ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் ஜோடிகள் கைகோத்து நிற்கின்றன, தமிழில் பல ஜோடிகள் உருகிக் கலந்துவிட்டன.

டோக்கியோவில் ஒரு பட்டியல்

ஆங்கிலேயர்கள் இந்த ஜோடிகளைப் பல நூற்றாண்டு பேசினார்கள். ஆனால் அவற்றைத் தனியாகப் பொறுக்கி வரிசைப்படுத்த வேண்டும் என்ற தேவை அவர்களுக்கு வரவில்லை. அந்தத் தேவை பிறந்த இடம் ஜப்பான்.

ஹாரல்ட் பாமர் 1877இல் லண்டனில் பிறந்தவர். பெல்ஜியத்தின் வெர்வியே நகரில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். 1914இல் ஜெர்மானியப் படை நுழைந்ததும் அங்கிருந்து தப்பி இங்கிலாந்து திரும்பி, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் மொழி கற்பிக்கும் முறைகளைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். 1922இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் மொழியியல் ஆலோசகராக டோக்கியோவுக்குப் போனார். அடுத்த ஆண்டே ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வுக்கென்று ஒரு நிறுவனம் அவர் தலைமையில் அங்கே தொடங்கியது. அதே 1923இன் செப்டம்பர் 1 அன்று கான்டோ நிலநடுக்கம் டோக்கியோவைச் சிதைத்தது. ஆய்வு நிற்கவில்லை.

பாமரின் குழு முதலில் தேடியது எளிய ஒன்றைத்தான்: ஒரு ஜப்பானிய மாணவன் எத்தனை ஆங்கிலச் சொற்களைக் கற்றால் போதும்? சொற்களை எண்ணத் தொடங்கியதும் கணக்கு உதைத்தது. ஒரு மாணவனுக்கு டேக் தெரியும், மெடிசின் தெரியும். ஆனாலும் ‘டேக் மெடிசின்’ அவன் வாயில் வராது. ஜப்பானிய மொழியில் மருந்தைக் குடிப்பார்கள், மாத்திரையாக இருந்தாலும் ‘நோமு’தான். கனவை நம்மைப் போலவே பார்ப்பார்கள், ‘மிரு’. தெரிந்த இரண்டு சொற்களைச் சேர்க்கும் இடத்தில் தாய்மொழி குறுக்கே வந்து நிற்கும். அப்படியானால் டேக் மெடிசின் என்பதை இரண்டு சொல்லாக எண்ணுவதா, ஒன்றாக எண்ணுவதா?

ஒன்றாகத்தான் என்று பாமர் முடிவுக்கு வந்தார். துண்டு துண்டாகக் கற்று ஒட்டவைக்க முடியாத, முழுசாகவே கற்றாக வேண்டிய சொல் தொடருக்கு ‘கொலோகேஷன்’ என்று பெயரிட்டார். தமிழில் சொற்சேர்க்கை எனலாம். அவருக்குத் துணையாக வந்தவர் ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி. கியூஷு தீவில் உள்ள ஓயிட்டா நகரின் வணிகக் கல்லூரிக்கு 1924இல் ஆங்கில இலக்கியம் கற்பிக்கப் போனவர் அவர். மாணவர்களுக்கு வேண்டியது இலக்கியத்துக்கு முன்னால் மொழி என்று கண்டுகொண்டார். இருவரும் உழைத்துத் திரட்டிய ஆங்கிலச் சொற்சேர்க்கைகளின் அறிக்கை 1933இல் டோக்கியோவில் வெளிவந்தது. பக்கம் பக்கமாக நீளும் பட்டியல் அது. எந்த வினை எந்தப் பெயரோடு சேரும், நடுவில் ‘எ’ வருமா ‘த’ வருமா, பின்னால் எந்த முன்னிடைச்சொல் ஒட்டும் என்று வகை பிரித்து அடுக்கியிருந்தார்கள். ஆங்கிலேயர் யாருக்கும் அந்தப் பட்டியல் தேவைப்பட்டிருக்காது. ஜப்பானிய வகுப்பறைக்கோ அது சோறு போன்ற தேவை.

1936இல் பாமர் நாடு திரும்ப, ஹார்ன்பி பொறுப்பேற்றார். கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்ற இரு ஆசிரியர்களோடு சேர்ந்து, பிறமொழி மாணவனுக்கென்றே ஓர் அகராதியைத் தொகுத்தார். சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு அது நிற்கவில்லை. வினைகள் வாக்கியத்தில் நடக்கும் விதத்தை 25 வாய்பாடுகளாகப் பிரித்துக் காட்டியது. எந்தப் பெயரை எண்ணலாம், எதை எண்ணக் கூடாது என்றும் குறித்தது. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும், எதிரிநாட்டுக் குடிமகனாக ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டார். 1942இல் அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டில், போர் நடந்துகொண்டிருந்த டோக்கியோவில், கைதாகுஷா என்ற பதிப்பகம் அந்த அகராதியை வெளியிட்டது. போருக்குப் பின் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதையே புதுத் தலைப்பில் கொண்டுவந்தது. இன்று உலகமெங்கும் மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரியின் முதல் வடிவம் அதுதான்.

850 சொற்களின் பாடம்

அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் சி. கே. ஆக்டன் வேறொரு வழி தேடினார். 1930இல் அவர் வெளியிட்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ திட்டத்தில் மொத்தமே 850 சொற்கள். அவற்றில் வினையாக நின்று வேலை செய்பவை 18 மட்டும். கம், கெட், கிவ், கோ, கீப், மேக், புட், டேக், டூ, ஹேவ் போன்றவையே அவை. இந்தச் சில வினைகளைப் பெயர்களோடு சேர்த்தால் எதையும் சொல்லிவிடலாம் என்று நம்பினார். இவற்றின் வலிமையை அவர் அளந்தது சரிதான். ஆனால் சொற்களின் எண்ணிக்கை குறைந்தபோது ஜோடிகளின் எண்ணிக்கை பெருகியது. மாணவன் 18 வினைகளை ஒரே நாளில் படித்துவிடுவான். எது எதோடு சேரும் என்பதைப் படிக்க ஆண்டுகள் ஆகும். மொழியின் பாரம் சொல்லில் இல்லை, சேர்க்கையில்தான் இருக்கிறது என்று பாமர் டோக்கியோவில் கண்டதை ஆக்டனின் 850 சொற்கள் இன்னொரு பக்கமிருந்து உறுதிசெய்தன.

இந்தப் பட்டறிவுக்குக் கோட்பாடாக உருவம் கொடுத்தவர் ஜே. ஆர். ஃபர்த். அவரும் வெளியூரில் ஆங்கிலம் கற்பித்தவர்தான். 1919 முதல் 1928 வரை லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ஆளை அவன் சகவாசத்தை வைத்து அறிவதுபோலச் சொல்லையும் அதன் சகவாசத்தை வைத்தே அறிய வேண்டும் என்பது 1950களில் அவர் எழுதியதன் சாரம். அவருடைய மாணவர் ஹாலிடே காட்டிய உதாரணம் நம் டீக்கடைக்கே பொருந்தும்: ஸ்ட்ராங் டீ உண்டு, பவர்ஃபுல் டீ கிடையாது. அகராதியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள். டீயோ ஒன்றோடு மட்டும்தான் சேரும்.

அடுத்து கணினி வந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் 1980இல் கொலின்ஸ் பதிப்பகத்தோடு சேர்ந்து ‘கோபில்ட்’ திட்டத்தைத் தொடங்கினார். புத்தகங்களையும் பத்திரிகைகளையும் பேச்சையும் கணினியில் ஏற்றினார்கள், முதலில் 70 லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள், பிறகு ஏறத்தாழ 2 கோடி. ‘டேக்’ வரும் இடங்களை எல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, கையால் ஒரு பொருளை எடுப்பது என்ற ‘முதல் பொருள்’ அங்கே ஆட்சி செய்யவில்லை. டேக் எ லுக், டேக் கேர், டேக் டைம் என்று பெயரைத் தூக்கி நடக்கும் வேலைதான் பெருகிக் கிடந்தது. 1987இல் வந்த கோபில்ட் அகராதி இந்த உண்மை வழக்கின் மேல் கட்டப்பட்டது. சொற்சேர்க்கைகளுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டு ஓர் அகராதியை 2002இல் கொண்டுவந்தது.

நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. தமிழில் 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொற்கள் இன்று எப்படிப் புழங்குகின்றன என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு காட்டியது. ‘போடு’வும் ‘அடி’யும் ‘விடு’வும் தூக்கும் சுமை எல்லாவற்றையும் இன்னும் விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். புலம்பெயர்ந்த வீடுகளில் தமிழைத் தத்தித் தத்திப் பேசும் பிள்ளைகளுக்கு அது கைத்தடியாக இருக்கும்.

ஆங்கிலம் கற்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றே. நோட்டில் ‘டிசிஷன் – முடிவு’ என்று எழுதாதீர்கள். ‘மேக் எ டிசிஷன் – முடிவெடு’ என்று ஜோடியாக எழுதுங்கள். ‘டேக் எ டிசிஷன்’ என்று சொல்லிவிட்டால் பதற வேண்டாம், பிரிட்டனிலும் அந்த வழக்கு உண்டு. குளிப்பதற்கு பிரிட்டிஷார் ஹேவ் எ ஷவர் என்பார்கள், அமெரிக்கர்கள் டேக் எ ஷவர் என்பார்கள். ஜோடிகள் ஊருக்கு ஊர் மாறும். மாறாத ஒன்று, சொல் தனியாக வாழாது என்பது.

பல வருடம் கழித்து ஒரு நாள் வீட்டு அலமாரியில் இருந்த ஹார்ன்பியின் அகராதியை எடுத்து ‘மிஸ்டேக்’ என்ற சொல்லைத் தேடினேன். பக்கத்திலேயே ‘மேக்’ இருந்தது. டீச்சர் சிவப்பு மையில் எழுதிய அதே சொல், இங்கே கறுப்பு மையில். எனக்கு முன்னால், எனக்குத் தெரியாத ஓர் ஊரில், என்னைப் போலவே தடுக்கி விழுந்த மாணவர்கள் இருந்ததால்தான் அப்படி ஓர் அகராதியே பிறந்தது.